ஐந்தாவது பங்கு

“யாராவது ஒருத்தராச்சும் சாகணுமுங்க,” என்றாள் தேஜஸ்ரீ. பாதி கடித்த போண்டா அவள் கையில் இருந்தது. “ஏழு ஞாயித்துக்கெழமை ஆச்சு. ஒருத்தருகூட சாக மாட்டேங்கறீங்களே!”

“எங்களுக்குச் செத்துப் பழக்கமில்லீங்க அம்மணி,” என்றான் பாலகோபால்.

அப்துல் குத்தூஸ் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். தெய்வாத்தாள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததைச் சுப்பண்ணன் பார்த்தார். பார்த்துவிட்டு டீ டம்ளருக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே வெங்கடபதியின் கொப்பரைக் களம். ஞாயிற்றுக்கிழமை களத்துக்கு விடுமுறை. தகரக் கூரை போட்ட குடோனுக்குள், மூட்டைகளை அடுக்கிய அட்டிகளுக்கு நடுவே, பழைய எடை மேசை ஒன்றைப் போட்டு ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பாலக்காட்டுக் காற்று தகரத்தை விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. கொப்பரை எண்ணெய் வாசமும் கந்தக வாசமும் சேர்ந்து அந்த இடத்துக்கென்று ஒரு வாசம் உண்டு. அதில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும், வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் போகாது.

தேஜஸ்ரீ வெங்கடபதியின் தம்பி மகள். கோயம்புத்தூரில் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, தமிழில் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தாள். திரை கிடையாது, கட்டம் கிடையாது. மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். சத்தியமங்கலம் மலைக்குள் ஒரு குகை, அதற்குள் ஒரு கல்பூதம், அதைத் தாண்டிப் போனால் ஒரு சுனை. அவ்வளவுதான் கதை. ஆனால் போவது சுலபமில்லை.

ஒவ்வொரு வேஷத்துக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி என்று உண்டு. அடி விழுந்தால் குறையும். எல்லாம் தீர்ந்தால் அந்த வேஷம் செத்தது. முதல் நாளே குத்தூஸ் அந்தப் பேரை மாற்றிவிட்டார். “உயிர்னா போனா போச்சுங்க அம்மணி. தெம்புன்னு சொல்லுங்க. தெம்பு போகும், வரும்.” அன்றிலிருந்து தெம்பு.

அந்தத் தெம்பை எவ்வளவு வைப்பது என்பதில்தான் தேஜஸ்ரீயின் தூக்கம் போயிற்று. அதிகம் வைத்தால் பூதத்தைக் கண்டு யாருக்கும் பயம் வராது. குறைத்து வைத்தால் குகை வாசலிலேயே பிணம் விழும். காந்திபுரத்தில் ஒரு நண்பர் வீட்டு மாடியில், கூட வேலை பார்த்தவர்களை வைத்து ஆடிப் பார்த்தாள். அரை மணி நேரத்தில் அத்தனை பேரும் செத்துப்போனார்கள். அதே பூதத்தைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுவந்தாள். சுமை தூக்கும் மூன்று பேர், கொப்பரை உலர்த்தும் ஒரு பெண். ஒருவரும் சாகவில்லை. பூதத்தின் அடியை இரண்டு மடங்காக்கினாள். அப்போதும் சாகவில்லை.

எப்படி என்று ஆறாவது வாரம்தான் கண்டுபிடித்தாள். அடி ஒருவருக்கு விழுந்தாலும் இவர்கள் அதைப் பிரித்துக்கொள்கிறார்கள். அவள் எழுதிய விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு விதியே இல்லை. அந்தப் புத்தகத்தைச் சுப்பண்ணனே சத்தம்போட்டுப் படித்திருக்கிறார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவர். விரலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கைபிடித்து நடத்திக் கூட்டிவருவது போலப் படிப்பார். புத்தகத்தின் கடைசி வரி அவருக்கு மனப்பாடம். ‘தெம்பு ஒன்று மிச்சமிருந்தாலும் அவர் உயிரோடு இருக்கிறார். கதை அவரை விடாது.’

“பூதம் தெய்வாத்தாக்காவைத்தானுங்க அடிச்சுது. நீங்க எதுக்கு உங்க தெம்பைக் குறைச்சுக்கறீங்க?” என்று கேட்டாள் தேஜஸ்ரீ.

“ஒரு ஆளு மேல முழு லோடையும் ஏத்துவாங்களா?” என்றான் பாலகோபால். “பிரிச்சுத்தானுங்க தூக்கோணும்.”

“எல்லாத்துக்கும் ஒரே மாதிரி பத்து தெம்பு வெச்சா வாள்வீரனுக்கும் வைத்தியருக்கும் என்னங்க வித்தியாசம்?”

“மூட்டை ஒல்லியா இருக்கறவனுக்கு ஒரு கனம், குண்டா இருக்கறவனுக்கு ஒரு கனமாங்க?” என்றார் குத்தூஸ்.

தேஜஸ்ரீக்கு அது பிடித்துப்போயிற்று. பங்கு விதி என்று தலைப்புப் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதும்போதுதான் இடறியது. பதினைந்து அடி விழுந்தால் நாலு பேரும் ஆளுக்கு மூன்று கழித்திருந்தார்கள்.

“நாலு மூணு பன்னெண்டுங்க. மிச்சம் மூணு எங்கே?”

 கடைசியில் பாலகோபால்தான் சொன்னான். “நாங்க அஞ்சா பிரிச்சுட்டமுங்க. கை பழகிப்போச்சு. அஞ்சாவது, ராக்கியண்ணன் பங்கு.”

ராக்கியப்பன் தெய்வாத்தாளின் புருஷன். போன ஆவணியில் இதே குடோனில் அட்டி சரிந்து செத்தவர். இவர்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சுமையில் ஒருவன் செத்தால் வருஷம் நிறையும்வரை அவன் பங்கைக் கலைக்க மாட்டார்கள். மூட்டைகளை நாலாகவே பிரிப்பார்கள். நாலாவது குவியலைக் கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து தூக்குவார்கள். தூக்கும்போது பேச மாட்டார்கள்.

சுப்பண்ணனுக்கு வயது ஐம்பத்து நாலு. வருஷத்துக்கு வருஷம் மூட்டை கனக்க வேண்டும். நாலு ஆள் வேலையை மூன்று பேர் பார்த்தும் இந்த வருஷம் என்னவோ தோள் வலிக்கவில்லை. உடம்பு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது ஞாயிறு, தெம்புக் கணக்கு எழுதும் காகிதம் பாலகோபாலின் வேர்வையில் நைந்து கிழிந்தது. பென்சிலால் அடித்து அழித்து எண்களே தெரியவில்லை. அப்போது குத்தூஸ், “நம்ம வில்லையை வெச்சு ஆடலாமே” என்றார்.

சுமைக்காரர் ஒவ்வொருவரிடமும் பத்துத் தகர வில்லைகள் இருக்கும். மூட்டைக்கு ஒன்றாக லாரியோரம் உள்ள பெட்டியில் போடுவார்கள். யார் எத்தனை தூக்கினார் என்று தெரிவதற்காக அவரவர் எண் அதில் அச்சடித்திருக்கும். சுப்பண்ணன் ஒன்று. குத்தூஸ் இரண்டு. பாலகோபால் நாலு. தெய்வாத்தாளுக்கு எண் கிடையாது. அவள் பத்துக் கொட்டாங்குச்சித் துண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டாள்.

அடி விழுந்தால் வில்லையை நடுவில் இருக்கும் தட்டில் போட வேண்டும். அன்றைக்குப் பூதம் அடித்தது பதினைந்து. பழக்கப்படி ஆளுக்கு மூன்று போட்டார்கள். தேஜஸ்ரீ எண்ணினாள். பதினைந்து இருந்தது.

திரும்பவும் எண்ணினாள். ஒன்று என்று அச்சடித்தவை மூன்று. இரண்டு, மூன்று. நாலு, மூன்று. கொட்டாங்குச்சி மூன்று. இவை போக, மூன்று என்று அச்சடித்த வில்லைகள் மூன்று. அவை ஈரமாக இருந்தன. விளிம்பில் வண்டல் மண் ஒட்டியிருந்தது.

“இது யாருதுங்க?” என்றாள் தேஜஸ்ரீ.

தெய்வாத்தாள் கையை நீட்டி அவற்றை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானை முனையில் முடிந்துகொண்டாள். “எங்கூட்டுக்காரரோடதுங்க” என்றாள். கடையில் மறந்துவிட்டு வந்த பையைத் திரும்ப வாங்கிக்கொள்வது போல இருந்தது அவள் குரல்.

ராக்கியப்பன் செத்த பிறகு அவருடைய பத்து வில்லைகளையும் துணியில் கட்டி, பி.ஏ.பி. வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போகும்போது நடுவில் வீசியவர் சுப்பண்ணன்தான்.

அட்டி சரிந்த அன்றைக்கு நடந்தது முழுசாக அவருக்கு மட்டும்தான் தெரியும். பதினாலு வரிசை அட்டி. கீழ் மூட்டை ஒன்று கிழிந்து கொப்பரை வழிந்ததில் மேல் வரிசை நகரத் தொடங்கியது. ராக்கியப்பனும் சுப்பண்ணனும் ஓடிப்போய்த் தோள் கொடுத்தார்கள். இருவர் தோளும் இருந்தவரை அட்டி நின்றது. குத்தூஸ் முட்டுக்கழி எடுக்க ஓடியிருந்தார். “புடிச்சுக்க சுப்பண்ணா, உட்றாதே” என்றார் ராக்கியப்பன். சுப்பண்ணன் விட்டார். விட வேண்டும் என்று நினைக்கவில்லை. உடம்பு தானாகத் துள்ளி அந்தப் பக்கம் போய் விழுந்தது. திரும்பிப் பார்த்தபோது அட்டி இல்லை, ராக்கியப்பனும் இல்லை.

அதற்கு முந்தின நாள் ஏதோ ஒரு கல்யாணம். அங்கே குடித்துவிட்டு வந்து தள்ளாடி அட்டியில் மோதியிருப்பான் என்று களத்தில் யாரோ சொன்னார்கள். யார் சொன்னார்களோ, அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. சுப்பண்ணனைக் கேட்டபோது அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு வருஷமாகத் தெய்வாத்தாள் குடிகாரன் பெண்டாட்டி. மகளைப் பார்க்க வந்த இரண்டு இடத்துக்காரர்களும் அதை விசாரித்துவிட்டுத் திரும்பி வரவேயில்லை.

அடுத்த ஞாயிறு தேஜஸ்ரீ நேராகப் பாலகோபாலைப் பிடித்தாள். “நீங்கதானே இந்த வேலை பண்றது?”

“ஐயோ, எங்காத்தா சத்தியமா இல்லீங்க அம்மணி. எனக்கு ராத்திரி ஒண்ணுக்குப் போகவே பயமா இருக்குது.”

அன்றைக்கும் மூன்று வந்தது.

அதற்கடுத்த ஞாயிறு யாரையும் தட்டைத் தொடவிடவில்லை. அவளே ஒவ்வொருவர் முன்னாலும் போய் மூன்று மூன்றாக வாங்கினாள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே தட்டில் போட்டாள். பன்னிரண்டு. மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் இரண்டு கிலோ எடைக்கல்லைத் தூக்கி வைத்தாள். காற்று நின்றிருந்தது. தகரம் கூடச் சத்தம் போடவில்லை. கல்லை எடுத்து, தட்டைத் திறந்தாள். பதினைந்து. மேசைப் பலகையில் தண்ணீர் வட்டமாகப் படிந்திருந்தது.

தேஜஸ்ரீ போண்டாவைத் தொடவில்லை. நோட்டை மடியில் வைத்து நெடுநேரம் எழுதினாள், அடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “அஞ்சு பேருன்னு போட்டா எல்லாமே சரியா வருதுங்க. இத்தனை நாளா எனக்கு வராத கணக்கு. பூதத்தோட அடி, உங்க தெம்பு, எல்லாம் அச்சா நிக்குது. அதுதானுங்க பயமா இருக்குது.”

“அவருக்கு இனி ஒண்ணுதான் இருக்குது,” என்றாள் தெய்வாத்தாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“நமக்கு ஒவ்வொரு வாரமும் மறுபடி பத்து. போனவருக்கு அப்படித் திரும்பி வராதில்லீங்க. ஒம்போது எங்கிட்ட வந்துருச்சு. ஏனுங்க அம்மணி, அந்தப் பூதத்தைச் சித்தே மெதுவா அடிக்கச் சொல்ல மாட்டீங்களா? இந்தக் கடைசி ஒண்ணும் போயிருச்சுன்னா அப்பறம் எதுங்க இருக்குது?”

 விளையாட்டை நிறுத்திவிடலாம் என்று சொல்லத்தான் தேஜஸ்ரீ வாயெடுத்தாள். தெய்வாத்தாளின் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

 அந்த வாரம் சுப்பண்ணன் மூட்டையைத் தூக்கினார். இலேசாக இருந்தது. இவ்வளவு இலேசாக இருக்கக் கூடாதே என்று முதல் முறையாகத் தோன்றியது. ஐம்பது கிலோவை எடை மேசையில் வைத்துப் பார்த்தார். ஐம்பதேதான். மறுபடி தோளில் ஏற்றினார். நாற்பது கூட இல்லை. அட்டியின் இருட்டுப் பக்கம் மூட்டையை இறக்கும்போது, மறுமுனையை யாரோ கொஞ்சம் தாங்கி மெதுவாக வைப்பது போல இருந்தது. சுப்பண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் பார்க்கவில்லை.

பத்தாவது ஞாயிற்றோடு வருஷம் நிறைந்தது. தெய்வாத்தாள் காலையில் வீட்டில் படையல் போட்டுவிட்டு, மத்தியானம் வந்து உட்கார்ந்தாள். நெற்றியில் திருநீறு இருந்தது. முந்தானை முடிச்சு கனமாகத் தொங்கியது.

“இன்னைக்குச் சுனைக்குப் போயிரோணும்,” என்றார் குத்தூஸ். “என்ன ஆனாலும் சரி.”

தேஜஸ்ரீ கதையைச் சொல்லத் தொடங்கினாள். எப்போதும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்பவள் அன்று கையை மடியிலேயே வைத்திருந்தாள். குகையின் கடைசி வளைவு. சுனைத் தண்ணீரின் சத்தம் கேட்கிறது. வழியில் பூதம் மல்லாந்து கிடக்கிறது, தூங்குகிறது. அதன் வயிற்றின்மேல் ஏறித்தான் போக வேண்டும்.

“நான் முன்னால போறேன்,” என்றார் சுப்பண்ணன். கதையில் அவருக்குச் சுமைக்காரன் வேஷம். மற்றவர்களின் சாமானெல்லாம் அவர் முதுகில்.

பூதம் விழித்துக்கொண்டது. தேஜஸ்ரீ பகடையை உருட்டினாள். அது மேசை விளிம்புவரை ஓடி, நின்று, புரண்டது.

“பத்து,” என்றாள். “சுமைக்காரர் மேலங்க.”

பத்தை ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு. எல்லோருக்கும் அது ஒரே நேரத்தில் உறைத்தது. ஐந்தாவது ஆளிடம் இரண்டு இல்லை.

குத்தூஸின் கை பழக்கத்தில் வில்லைக்குப் போயிருந்தது. பாலகோபாலின் கையும். சுப்பண்ணன் தட்டின்மேல் தன் கையை விரித்து மறைத்தார்.

“யாரும் போடாதீங்க. இது என்ற லோடு.”

“அண்ணா, பத்தும் போனா நீங்க செத்துருவீங்க,” என்றாள் தேஜஸ்ரீ.

“தெரியுமுங்க அம்மணி. நீங்கதானே யாராச்சும் சாகணும்னு கேட்டீங்க.”

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. தன் பத்து வில்லைகளையும் இரண்டு கையாலும் கூட்டி, கொப்பரையைத் தள்ளுவது போலத் தட்டுக்குள் தள்ளினார். தகரத்தில் தகரம் விழும் சத்தம் குடோன் முழுக்கக் கேட்டது. பிறகு அவர் தெய்வாத்தாளைப் பார்த்துப் பேசினார்.

“ராக்கியப்பன் அன்னைக்குக் குடிக்கலீங்க. ஒரு சொட்டு குடிக்கலை. அட்டி சரிஞ்சப்ப ரெண்டு பேரும்தான் புடிச்சுட்டு இருந்தோம். உட்றாதேன்னு சொன்னான். நான் உட்டுப்போட்டேன். நான் தாவி வெளியே வந்துட்டேன். அவன் உடவேயில்லீங்க.”

குத்தூஸ் சுப்பண்ணனைத் திரும்பிப் பார்த்தார். முட்டுக்கழியோடு ஓடிவந்தபோது அவர் மட்டும் வெளியே கிடந்தது குத்தூஸுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பாலகோபால் தலையைக் குனிந்துகொண்டான்.

தெய்வாத்தாள் அழவில்லை. “ஒரு வருஷம்,” என்றாள். “ஒரு வருஷமா தெனமும் என்ற மொகத்தைப் பார்த்துட்டுத்தானே மூட்டை தூக்குனீங்க அண்ணா.”

“ஆமாங்க.”

“எங்கூட்டுக்குச் சோறு திங்க வந்தப்பவும் இது தெரியும்.”

“தெரியுமுங்க.”

அவள் எழுந்துவிடுவாள் என்று நினைத்தார். அவள் எழவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்து எண்ணினாள். படிக்கத் தெரியாதவள், ஆனால் அந்த நாலு எண்களும் அவளுக்குத் தெரியும். ஒன்று, ஒன்று, ஒன்று என்று ஒன்பது வந்தது. பத்தாவதை எடுக்கும்போது அவள் விரல் நனைந்தது.

மூன்று.

“நான் பத்தும் போட்டேனுங்க,” என்றார் சுப்பண்ணன்.  “எல்லாரும் பார்த்தீங்கல்ல? பத்தும் போட்டேன்.”

தேஜஸ்ரீ ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு அவருடைய வலது கையைக் காட்டினாள். சுப்பண்ணன் குனிந்து பார்த்தார். கை இறுக மூடியிருந்தது. மூடியது அவருக்குத் தெரியாது. திறக்க இடது கை வேண்டியிருந்தது. உள்ளே ஒரு வில்லை, காய்ந்தது, ஒன்று என்று அச்சடித்தது. அதன் எண் உள்ளங்கைச் சதையில் பதிந்திருந்தது.

காற்று ஒருமுறை தகரத்தை ஓங்கி அடித்துவிட்டுப் போயிற்று.

“இப்பவும் அவருதான் தூக்கியிருக்காரு,” என்றாள் தெய்வாத்தாள். குரல் அப்போதுதான் உடைந்தது. “அவருக்கு இருந்ததே ஒண்ணு. அதையும் உங்களுக்குக் குடுத்துட்டுப் போயிருக்காரு. நான் கேட்டனே, மெதுவா அடிக்கச் சொல்லுங்கன்னு. எனக்குன்னு ஒண்ணு உட்டுவெச்சாரா?”

 அவள் ஈர வில்லையை முந்தானையில் இருந்த ஒன்பதோடு சேர்த்து முடிந்தாள். முடிச்சை இரண்டு தரம் இறுக்கினாள். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று திரும்பினாள்.

“ஒண்ணு மிச்சமிருந்தா உசுரோட இருக்கறதுன்னுதானே அன்னைக்குப் படிச்சீங்க? அப்ப இருங்க. நாளைக்குக் காத்தால களத்துல எல்லாரு முன்னாடியும் இதை இன்னொருக்காச் சொல்லுங்க. நானும் வாரேன்.”

சொன்னார். திங்கட்கிழமை காலை, லாரி வந்து நின்றிருந்தது. வெங்கடபதி நாற்காலியில் இருந்தார். தேங்காய் உடைக்கும் பெண்கள், டிரைவர், கிளீனர் எல்லோரும் நின்றார்கள். சுப்பண்ணன் படிப்பது போலவே சொன்னார், ஒவ்வொரு வார்த்தையாக, எதையும் தாண்டாமல். தெய்வாத்தாள் தூணோரம் நின்று கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டுக் கொப்பரை உலர்த்தப் போனாள். யாரும் அவரைத் திட்டவில்லை. யாரும் அவர் பக்கத்தில் நிற்கவும் இல்லை.

பிறகு மூட்டைகளைப் பிரித்தார்கள். வருஷம் முடிந்துவிட்டது. மூன்றாகப் பிரித்தார்கள்.

சுப்பண்ணன் தன் குவியலின் முதல் மூட்டையை முதுகில் ஏற்றினார். முழங்கால் மடங்கியது. கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார். கழுத்து நரம்பு தெறித்தது. தோள் எலும்பு நெரிந்தது. இந்த ஒரு வருஷத்தில் ஒரு மூட்டை கூட இப்படிக் கனத்ததில்லை.

பின்னால் குத்தூஸும் நின்றுவிட்டார். தன் மூட்டையைத் தோளில் வைத்தபடி, அது தன்னுடையதுதானா என்பது போல முழித்துக்கொண்டிருந்தார். பாலகோபால் எதுவும் பேசாமல் அட்டியின் இருட்டுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நடங்க,” என்றார் சுப்பண்ணன்.

பதினெட்டு அடி தூரம் லாரி. ஒவ்வொரு அடியாக வைத்தார். பெட்டியருகே வந்ததும் வாயில் கவ்வியிருந்த வில்லையை உள்ளே துப்பினார். அது வெறும் பெட்டியில் விழுந்து, சுற்றிச் சுற்றி, நின்றது. மூட்டையை யாரும் தாங்கி இறக்கவில்லை. அவரே இறக்கினார்.